கார்டைட்டும் அருவங்காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் குன்னூரையும் வெலிங்டனையும் கடந்த பிறகு அருவங்காடு என்னும் சிறிய நிலையத்தில் நிற்கும். அங்கே இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையைக் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தார் இன்றும் ‘கார்டைட் பேக்டரி’ என்றே சொல்வார்கள். கார்டைட் என்றால் என்ன என்று கேட்டால் ‘ஏதோ குண்டு மருந்து’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது குண்டுக்குள் வெடிக்கும் மருந்து அன்று. அந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், அது ஏன் கயிறாகச் செய்யப்பட்டது, அதில் ஏன் வாசலின் சேர்க்கப்பட்டது, அதைச் செய்யும் ஆலைக்கு ஏன் மலை தேவைப்பட்டது என்பவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும். மாணவர்களும் நண்பர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். இது வரலாறும் பொதுவான இயல்புகளும் மட்டுமே. செய்முறை இதில் இல்லை.

கார்டைட் என்பது என்ன?

பீரங்கிக் குண்டையும் துப்பாக்கித் தோட்டாவையும் குழலுக்குள்ளிருந்து வெளியே தள்ளுவதற்காக எரிக்கப்பட்ட உந்துமருந்து அது. 1889இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் தரைப்படைக்கும் கடற்படைக்கும் முதன்மையான உந்துமருந்தாக இருந்து, பிறகு படிப்படியாக வழக்கொழிந்தது. பார்வைக்குப் பழுப்பு நிறத்தில், சற்றே ஒளி ஊடுருவும் கயிறு போல இருக்கும். துப்பாக்கிக்கு உரியது நூல் அளவு மெல்லியது. போர்க்கப்பலின் பெரும்பீரங்கிக்கு உரியது விரல் தடிமனுக்கு வரும்.

அப்படியானால் கிணறு வெட்ட வைக்கும் வெடிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. கரட்டு நிலத்தில் பாறையை உடைத்துக் கிணறு இறக்கியவர்களும், கல் குவாரியில் வேலை பார்த்தவர்களும் வெடியின் வேகத்தை நேரில் கண்டவர்கள். பாறைக் குழியில் வைக்கும் ஜெலட்டின் குச்சி, டெட்டனேட்டர் கொடுக்கும் அதிர்ச்சியால் ‘வெடிக்கிறது’. அந்த வினை ஒலியின் வேகத்தை மிஞ்சும் ஓர் அதிர்வலையாகப் பொருளின் ஊடே பாய்ந்து, கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் நொறுக்கிவிடுகிறது. பாறைக்கு அது வேண்டும். துப்பாக்கிக் குழலுக்குள் அதே வேகம் நிகழ்ந்தால் தோட்டா நகர்வதற்கு முன்பே குழல் பிளந்து, சுட்டவரின் கை போய்விடும்.

கார்டைட் அவ்வாறு வெடிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று; அது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிகிறது. எரியும்போது சூடான வாயு பெருமளவில் வெளிவந்து, அழுத்தம் சீராக ஏறி, தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. திறந்த வெளியில் ஒரு துண்டைப் பற்றவைத்தால் மஞ்சள் சுடருடன் வேகமாக எரிந்து முடிந்துவிடும், சத்தம்கூட இராது. மூடிய இடத்தில் அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடும் என்பதுதான் அதன் பயனுக்கும் அதன் ஆபத்துக்கும் ஒரே காரணம்.

கார்டைட்டுக்கு முன்பு எதைப் பயன்படுத்தினார்கள்?

கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த பழைய கலவை அது. சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் காலத்தில் கொங்குப் படையும், திப்புவின் படையும், கும்பினிப் படையும் சுட்டதெல்லாம் இந்த மருந்தால்தான். பல நூற்றாண்டுகளாக உலகமே நம்பியிருந்த அந்த மருந்துக்குத் தீராத குறை ஒன்று இருந்தது. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஒரு பகுதி வெண்புகையாகக் கிளம்பும், மறு பகுதி குழலுக்குள் கரியாகப் படியும். நான்கைந்து முறை சரமாரியாகச் சுட்டால் எதிரி எங்கே என்று தெரியாது; ஆனால் சுட்டவர் ஒளிந்திருக்கும் இடத்தை அவருடைய புகை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். விரைந்து சுடும் துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தபோது, படிந்த கரி அவற்றை அடைத்து நிறுத்தியது.

புகை இல்லாத மருந்துக்கு வேண்டிய இரண்டு பொருள்களும் அதற்கு வெகு காலம் முன்பே கிடைத்துவிட்டன. 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் நைட்ரோ ஏற்றிய பஞ்சை, அதாவது துப்பாக்கிப் பஞ்சை அறிவித்தார். 1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சோப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டார். இரண்டும் புகையின்றி எரியும். இரண்டையும் அடக்கியாளத்தான் எவருக்கும் தெரியவில்லை. 1847இலேயே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் துப்பாக்கிப் பஞ்சு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பஞ்சு இழைகளுக்குள் எஞ்சி நின்ற அமிலமே இத்தகைய விபத்துகளுக்கு வேர் என்று கண்டு, அதைக் கூழாக அரைத்துக் கழுவித் தூய்மைப்படுத்தும் முறையை 1860களில் நிறுவியவர் ஃபிரெடரிக் ஏபெல். பிறகு 1884இல் பிரான்சில் பால் வியே, துப்பாக்கிப் பஞ்சின் இழைத் தன்மையைக் கரைப்பானால் போக்கிக் கூழ்மமாக்கி, முதல் வெற்றிகரமான புகையற்ற துப்பாக்கி மருந்தைத் தந்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரோ பஞ்சையும் ஒன்றாகச் சேர்த்து பாலிஸ்டைட்டை உருவாக்கினார். பின்தங்கிவிடக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு 1888இல் ஒரு வெடிமருந்துக் குழுவை அமர்த்தியது.

கண்டுபிடித்தவர் யார்? நோபல் வழக்குப் போட்டாரே, அது என்ன?

அந்தக் குழுவில் இருந்த ஏபெலும் ஜேம்ஸ் டூவரும் சேர்ந்து 1889இல் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இருவரையும் நம் ஊர் மாணவர்கள் வேறு வழியில் அறிவார்கள். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலையைக் காண உதவும் சிறு பித்தளைக் கிண்ணம் கொண்ட ‘ஏபெல் கருவி’ அந்த ஏபெலுடையது. வெந்நீரைச் சூடாக வைத்திருக்கும் தெர்மாஸ் குடுவையின் மூலம், டூவர் 1892இல் செய்த வெற்றிடக் குடுவை.

நோபலுக்கு இதில் ஆறாத வருத்தம். தம் பாலிஸ்டைட்டைப் பற்றி நம்பிக்கையோடு அந்தக் குழுவுக்குத் தெரிவித்துவந்தவர் அவர். அதே குழுவின் உறுப்பினர்கள் அதை ஒத்த மருந்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நோபலின் நிறுவனம் தொடுத்த வழக்கு 1895இல், அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. நோபலின் காப்புரிமையில், ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் கரையும் வகை நைட்ரோ பஞ்சு குறிக்கப்பட்டிருந்தது. கார்டைட்டில் இருந்தது கரையாத வகை. சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அறிவுரை கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் போட்டியாளராக மாறியது முறையன்று என்பதே என் கருத்து. நோபல் அடுத்த ஆண்டே, 1896இல் மறைந்தார்.

கார்டைட்டில் என்னென்ன இருந்தன?

முதல் வகையில் மூன்று பொருள்கள்: நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், துப்பாக்கிப் பஞ்சு 37 சதவீதம், வாசலின் 5 சதவீதம். இவற்றைப் பிசைந்து ஒன்றாக்க அசிட்டோன் கரைப்பானாக உதவியது. பிறகு அது உலர்த்திப் போக்கப்பட்டது. துப்பாக்கிப் பஞ்சுக்கு மூலம் வேறெதுவுமில்லை, நூற்பாலைகளில் மிஞ்சும் கழிவுப் பஞ்சுதான். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கிய நாள் முதல் பஞ்சோடு வாழும் கோவைக்காரர்களுக்கு, வேட்டிக்கும் பனியனுக்கும் ஆகும் அதே செல்லுலோஸ்தான் பீரங்கிக்கும் ஆனது என்பது வியப்பாகத் தோன்றலாம். செல்லுலோஸ் மூலக்கூறில் நைட்ரேட் தொகுதிகள் சேரும்போது, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் பொருளுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வெளிக்காற்று தேவையில்லை. அடைத்த குழலுக்குள்ளும் அது எரிவதற்கு இதுவே காரணம். எரிந்தபின் கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, நீராவி, நைட்ரஜன், ஹைட்ரஜன் எனக் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகவே போய்விடும். ஆகையால் புகையும் இல்லை, குழலில் கரியும் இல்லை.

ஏன் தூளாகச் செய்யாமல் கயிறாகச் செய்தார்கள்?

இந்த மருந்தின் அறிவுக்கூர்மை முழுவதும் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் வெந்த மாவைச் சந்தகைப் பலகையில் வைத்து அழுத்திப் பிழிவதைப் போலவே, பிசைந்த மருந்தை வேண்டிய அளவுத் துளை வழியே அழுத்தி வெளியேற்றினார்கள். மேற்பரப்பிலிருந்து மட்டுமே எரியும் ஒரு பொருளில், எந்த நேரத்திலும் எவ்வளவு வாயு கிளம்பும் என்பதை அப்போது வெளிப்பட்டிருக்கும் மேற்பரப்பின் அளவு தீர்மானிக்கிறது. மெல்லிய கயிறு எடைக்கு அதிக மேற்பரப்பு கொண்டது; விரைந்து எரிந்து முடியும்; துப்பாக்கியின் குறுகிய குழலுக்கு அது பொருந்தும். தடித்த கயிறு மெதுவாக எரியும். பல மீட்டர் நீளமுள்ள கப்பல் பீரங்கிக்குள் கனத்த குண்டு நகர்ந்து போகும் நேரம் முழுவதும் தள்ளிக்கொண்டிருக்க அது வேண்டும். ஆக, ஒரே மருந்து, துளையின் விட்டத்தை மாற்றியதால் மட்டுமே எல்லா ஆயுதத்துக்கும் ஆனது. துளையின் விட்டத்தை அங்குலத்தின் நூறில் ஒரு பங்காகக் கணக்கிட்டு வகைகளுக்கு எண் கொடுத்தார்கள், எம்.டி. என்ற பிந்தைய வகையில் 45 என்றால் துளை 0.45 அங்குலம்.

உருளையான கயிறு எரிய எரிய மெலிவதால் அதன் மேற்பரப்பும் குறைந்துகொண்டே போகும். வாயு கடைசியில்தான் அதிகம் வேண்டும் என்னும்போது அது குறைவது குறைதானே? ஆம். அதனால் பின்னாளில் நடுவே துளையுள்ள குழாய் வடிவமும் வந்தது. வெளிப்புறம் குறையும்போது உட்புறம் விரிவதால் மொத்த மேற்பரப்பு ஏறக்குறைய மாறாமல் நிற்கும்.

பழைய ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கியின் தோட்டாவில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் பித்தளைக் கூட்டின் கழுத்து ஒடுங்கியிருக்கும். அந்தக் கழுத்து வழியாகக் கயிற்றுக் கட்டை நுழைக்க முடியாது. கூடு நேரான குழாயாக இருக்கும்போதே கயிறுகளைக் கட்டாக உள்ளே இறக்கிவிட்டு, அதன் பிறகே கழுத்தை நெரித்து ஒடுக்குவார்கள். மருந்து உள்ளே இருக்க, அதன் மேல் உலோகத்தை அழுத்தி வளைக்கும் வேலை அது. அந்தத் தோட்டா 1888இல் கருமருந்துடன் வந்து, 1890களின் தொடக்கத்தில் கார்டைட்டுக்கு மாறியது.

வாசலின் எதற்கு?

துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழுக்கிக்கொடுக்கட்டும் என்று எண்ணித்தான் முதலில் சேர்த்தார்கள். அதைவிடப் பெரிய வேலையை அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது பிறகு தெரிந்தது. நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சும் வைத்த இடத்தில் சும்மா இருந்தாலும் மிக மெதுவாகச் சிதைந்துகொண்டேயிருக்கும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவரும், அவை சிதைவை மேலும் முடுக்கும், சூடு ஏறும், இறுதியில் எவரும் தொடாமலே தீப்பற்றும். வாசலினில் உள்ள சில கரிமப் பொருள்கள் அந்த ஆக்சைடுகளை உடனுக்குடன் பிடித்துக்கொள்வதால் சிதைவு கட்டுக்குள் நின்றது. பின்னாளில் அதே வேலையை இன்னும் திறமையாகச் செய்ய கார்பமைட் என்ற நிலைப்படுத்தி வந்தது. நிலைப்படுத்தி செலவழிந்து தீரும் பொருள். அது தீர்ந்த பின் அந்த மருந்தின் வயதும் தீர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஏபெல் வகுத்த வெப்பச் சோதனையால் கிடங்குகளில் உள்ள மருந்தை அவ்வப்போது ஆராய்ந்து, தேறாததை அழித்துவந்தார்கள்.

அருவங்காட்டில் ஏன் தொழிற்சாலை அமைத்தார்கள்?

இந்தியப் படைக்கு வேண்டிய கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்ற முடிவால் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் இந்த ஆலை எழுந்தது. இடம் தேர்ந்ததற்கான காரணங்களைப் புரிந்துகொள்ள முந்தைய விடையையே நினைவில் கொள்ளலாம். சிதைவின் வேகம் வெப்பத்தோடு பன்மடங்கு ஏறும். மே மாதத்தில் கரூர்ப் பக்கம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் குன்னூர் வட்டாரம் ஏறக்குறைய 25 பாகையில் இருக்கும். நைட்ரோகிளிசரின் போன்ற ஒன்றைக் கையாளும் ஆலைக்குக் கோடையே இல்லாத இடம் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

மற்றவையும் அங்கே பொருந்திவந்தன. துப்பாக்கிப் பஞ்சைத் திரும்பத் திரும்பக் கழுவ ஏராளமான நன்னீர் வேண்டும்; மலை ஓடைகள் அதைத் தந்தன. அருகிலுள்ள காட்டேரி அருவியில் அமைத்த நீர்மின் நிலையம் ஆலைக்கு மின்சாரம் கொடுத்தது. பைகாரா மின் நிலையம் 1932இல் வந்து கொங்கு நாட்டு ஆலைகளையும் கிணற்று மோட்டார்களையும் ஓடவைத்ததைப் பலரும் சொல்வார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே காட்டேரியில் மின்சாரம் எடுத்ததைச் சொல்பவர் குறைவு, அது சொல்லப்பட வேண்டிய செய்தி. வெலிங்டன் படைமுகாம் பக்கத்திலேயே இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1908இல் அது உதகை வரை நீண்டபோது அருவங்காடு அதன் வழியிலேயே அமைந்தது. கடலிலிருந்து தொலைவு என்பதும் சிறிய நன்மையன்று. 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது, அத்தகைய தாக்குதல் எட்டவே முடியாத உயரத்தில் இந்த ஆலை இருந்தது.

வெடிமருந்து ஆலைகளுக்கே உரிய அமைப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கட்டடங்கள் நெருக்கமாக இரா. ஒன்று வெடித்தால் மற்றது பற்றாதபடி தள்ளித்தள்ளி, இடையே மண்மேடுகளோடு கட்டப்படும். தீப்பெட்டி உள்ளே போகாது, ஆணி அடித்த செருப்பு போகாது, பொறி பறக்கக்கூடிய இரும்புக் கருவி போகாது. நாள் முழுவதும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

நீலகிரியைக் கொங்கு நாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1868இல் தனி மாவட்டம் ஆகும்வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் உலகப் போரில் அசிட்டோனுக்குத் தட்டுப்பாடு வந்ததாமே?

ஆம், கார்டைட்டின் வரலாற்றிலேயே சுவையான பகுதி இது. அசிட்டோனை அந்நாளில் மரத்தைக் காற்றின்றிச் சுட்டு வடித்தே எடுத்தார்கள். டன் கணக்கில் மரம் எரிந்தால் சிறிதளவு அசிட்டோன் கிடைக்கும். அதில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1915இல் போர்முனையில் குண்டுத் தட்டுப்பாடு அரசியல் நெருக்கடியாகவே வெடித்தபோது, மான்செஸ்டரில் இருந்த வேதியியலாளர் கைம் வைஸ்மன், மாவுப்பொருளைப் பாக்டீரியாவால் நொதிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் காட்டினார். சாராய வடிசாலைகள் அசிட்டோன் ஆலைகளாக மாறின. மக்காச்சோளம் மூலப்பொருளானது. 1917இல் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் சோளக் கப்பல்கள் வருவது குறைந்ததும், பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் குதிரைக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அவற்றிலிருந்து கிடைத்த அசிட்டோன் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றாலும், பிள்ளைகள் பொறுக்கிய காய் பீரங்கி வரை போனது உண்மை. வைஸ்மன்தான் பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர்.

இந்தியாவிலும் அதே தேடல் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கில்பர்ட் ஃபௌலர், நம் இலுப்பையின் இனமான மஹுவா மரத்தின் பூக்களை நொதிக்கவைத்து அசிட்டோன் எடுப்பதை ஆராய்ந்தார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னது, அந்தப் பூவில் அவ்வளவு இனிப்பு இருப்பதால்தானே? நொதிக்க வேண்டியதும் அந்த இனிப்புதான்.

அசிட்டோனைத் தவிர்த்து ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் கரையும்படி மாற்றப்பட்ட ஆர்.டி.பி. என்ற வகையும் அப்போது பிறந்தது. அதைப் பெருமளவில் செய்ய, இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்னும் இடத்தில் மைல் கணக்கில் நீண்ட ஆலை ஒன்று எழுந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

கார்டைட்டால் பெரிய விபத்துகள் நடந்தனவா?

நடந்தன. மிகக் கொடியது 1916 மே 31 அன்று ஜட்லாந்து கடற்போரில். ‘இண்டிஃபேடிகபிள்’, ‘குவீன் மேரி’, ‘இன்வின்சிபிள்’ என்னும் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அடுத்தடுத்து வெடித்துச் சிதறி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில மணி நேரத்துக்குள் மாண்டார்கள். எதிரியின் குண்டு பீரங்கி மேடையைத் துளைத்ததும் அங்கிருந்த மருந்து பற்றி, அந்தத் தீ கீழே கிடங்கு வரை இறங்கிவிட்டது. விரைந்து சுட வேண்டும் என்ற அவசரத்தில் தீயைத் தடுக்கும் கதவுகளைத் திறந்தே வைத்து, பட்டுப் பைகளில் கட்டிய கார்டைட்டை வழியெங்கும் அடுக்கியிருந்தார்கள். ஜெர்மானியர் தங்கள் மருந்தின் முதன்மைப் பகுதியைப் பித்தளைக் கூட்டில் வைத்தார்கள். 1915 ஜனவரியில் டாகர் பேங்க் போரில் ‘சைட்லிட்ஸ்’ கப்பலின் இரு பீரங்கி மேடைகள் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் கப்பல் தப்பியது. பழி மருந்தின் மேலா, அதைக் கையாண்ட முறையின் மேலா என்று வரலாற்று ஆசிரியர்கள் நூறாண்டாக வாதிடுகிறார்கள். என் பார்வையில் இரண்டையும் பிரிக்க முடியாது: மன்னிக்காத மருந்தை வைத்துக்கொண்டு விதியைத் தளர்த்தினார்கள்.

போரே இல்லாமலும் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெடித்தன. 1914இல் ‘புல்வர்க்’, 1915இல் ‘நேட்டால்’, 1917இல் ‘வேங்கார்ட்’. கொதிகலன் அறைச் சூடும், கெட்டுப்போன கார்டைட்டும் காரணங்களாகச் சந்தேகிக்கப்பட்டன.

அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தலைவலி வருமாமே?

வரும். நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேர்ந்து இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் மண்டையைப் பிளக்கும் வலி. சில நாள்களில் உடல் பழகிக்கொள்ளும். ஞாயிறு விடுப்பு முடிந்து திங்கள் அன்று வேலைக்கு வந்ததும் மீண்டும் வலி தொடங்கும். அதே விளைவைத்தான் மருத்துவம் நன்மைக்குத் திருப்பியது. வில்லியம் மரல் 1879இல் நெஞ்சுவலிக்கு மிகச் சிறிய அளவில் நைட்ரோகிளிசரினைக் கொடுத்துப் பயன் கண்டார்; இன்றும் இதய நோயாளிகள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகளில் ஒன்று அதுவே.

கார்டைட் எல்லாம் ஒரே வகையா?

இல்லை. முதல் வகை எரியும்போது வெப்பம் மிக அதிகம். அது பீரங்கிக் குழலின் உட்புறத்தையே அரித்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் குழல்கள் விரைவில் தேய்ந்த பிறகு, நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்து, துப்பாக்கிப் பஞ்சை 65 சதவீதமாக ஏற்றிய எம்.டி. வகை வந்தது. இரு போர்களுக்கும் இடையே கரைப்பானே இல்லாமல் செய்யும் எஸ்.சி. வகை வந்தது, தடித்த கயிறுகள் வாரக்கணக்கில் உலர வேண்டிய தொல்லை அதனால் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான் பாதுகாப்பு ராக்கெட்டுகளிலும் அந்த வகையே எரிந்தது. நைட்ரோகுவானிடின் சேர்த்த என். வகை குளிர்ச்சியாக எரிந்து, இரவில் பீரங்கி வாயில் தெரியும் மின்னலையும் பெருமளவு அடக்கியது.

ஹிரோஷிமா அணுகுண்டில் கார்டைட் இருந்ததா?

இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று வீசப்பட்ட அந்தக் குண்டு உண்மையில் ஒரு பீரங்கிக் குழலைப் போல அமைந்தது. ஒரு யுரேனியப் பகுதியை மற்றொன்றை நோக்கிக் குழலுக்குள் தள்ளியது கார்டைட். அழிவு யுரேனியத்தால், தள்ளும் வேலை மட்டுமே இதற்கு.

இப்போது எங்கும் பயன்படுத்துவதில்லையா?

கார்டைட் என்ற பெயரில் பெரும்பாலும் இல்லை. நைட்ரோ பஞ்சை மட்டுமோ, அதோடு நைட்ரோகிளிசரினையோ, மூன்றாவதாக நைட்ரோகுவானிடினையும் சேர்த்தோ செய்யப்படும் மணி வடிவ மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. இயந்திரத்தால் அளந்து கொட்டுவதற்கு மணிகளே எளிது. கயிற்றைக் கட்டாகக் கட்டி நுழைக்கும் வேலை அதில் இல்லை. ஆனால் அந்த மருந்துகளின் வேதியியல் பெரிதும் கார்டைட்டின் வழிவந்ததே. அருவங்காட்டு ஆலையும் மூடப்படவில்லை. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்து உந்துமருந்து செய்துவருகிறது. துப்பறியும் கதைகளில் இன்றைய கைத்துப்பாக்கி சுட்டதும் ‘கார்டைட் நெடி’ வீசுவதாக எழுதுவது காலப் பிழை.

பழைய தோட்டாவோ கயிறு போன்ற மருந்தோ கையில் கிடைத்தால் என்ன செய்வது?

படையில் இருந்த தாத்தாவின் பெட்டியில் நினைவுப்பொருளாக ஒரு தோட்டா இருக்கலாம். பழைய இரும்புக் கடையிலோ, வார்ப்பட ஆலைக்கு வந்த வெளிநாட்டுக் கழிவிலோ பழைய குண்டுக் கூடு கலந்து வரலாம். கோவையில் இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைய இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். பழையதாயிற்றே, கெட்டிருக்கும் என்று எண்ணுவது மிகத் தவறு. நிலைப்படுத்தி தீர்ந்துபோன மருந்து புதியதைவிட ஆபத்தானது. தோட்டாவின் அடியில் உள்ள கேப்பு தட்டுப்பட்டாலே பற்றக்கூடியது. பிரிக்க வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம், வண்டியில் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளையும் தொழிலாளர்களையும் விலக்கி நிறுத்தி, 112 எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து எடுப்பார்கள். உரிமம் இன்றி இவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதால், கண்டவுடன் தெரிவிப்பதே உங்களுக்கும் பாதுகாப்பு.